பழம், பளம், பயம்

சொல்வதெழுதுதல் நோட்டில் ஒரு குழந்தை 'பழம்' என்ற சொல்லைப் 'பளம்' என்று எழுதினால், ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் சரியான சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நோட்டை எடுப்பார். அதே சொல்லை இன்னொரு குழந்தை 'பயம்' என்று எழுதினால் அந்த நோட்டு ஆசிரியர் அறை வரைக்கும் போகும். அங்கே அது உரக்கப் படித்துக் காட்டப்படும், சிரிப்பும் எழும். இரண்டும் ஒரே வகைப் பிழைதான். ழகரத்தை வாயிலிருந்து நழுவவிட்ட தமிழர்கள் நம்மில் ஏராளம். தெற்கே பல ஊர்களில் அது ளகரமாயிற்று, வடசென்னையில் யகரமாயிற்று. வாய் பழகியபடி கை எழுதியிருக்கிறது. இருந்தும் ஒன்றை எழுத்துப் பிழையாகவும் மற்றொன்றை அந்தக் குழந்தை எங்கிருந்து வருகிறது என்பதற்கான சான்றாகவும் நாம் படிக்கிறோம்.

அந்த அறையில் எழுந்த சிரிப்பில் என் சிரிப்பும் இருந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டைக்கும் காசிமேட்டுக்கும் இடையில் உள்ள ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக நான் ஆசிரியை. பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. என் தந்தையை, எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அழைத்ததைப் போலவே, நைனா என்றுதான் அழைத்தேன். அவர் பின்னி மில்லில் வேலை செய்தார். 1996 ஆம் ஆண்டு மில் மூடப்பட்டபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அந்த ஆண்டில் எனக்கு நினைவில் நிற்கும் நிகழ்ச்சிகள் இரண்டு. ஒன்று, நைனா பகலில் வீட்டில் இருக்கத் தொடங்கியது. மற்றொன்று, வகுப்பில் ஒரு நாள் "புத்தகம் எங்கே?" என்று கேட்ட ஆசிரியையிடம் "வூட்ல கீது டீச்சர்" என்று நான் சொன்னது. அவர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "வீட்டில் இருக்கிறது" என்று பத்து முறை சொல்ல வைத்தார். ஒவ்வொரு முறையும் வகுப்பே சிரித்தது. கடைசியில், "இந்தச் சேரிப் பாஷையை வாசலிலேயே விட்டுவிட்டு வா" என்றார். அவர் கெட்டவரல்லர். என் தலையில் பேன் பார்த்து எண்ணெய் வைத்து அனுப்பியவரும் அவர்தான். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வகுப்பில் நானாக எழுந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கையில்தான் உணர்கிறேன்.

பிறகு ஏட்டுத் தமிழை நன்றாகவே கற்றேன். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசினேன். எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் பெரம்பூர் என்றேன். பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் இடையில் ஒரு ரயில் தண்டவாளமும் சில தெருக்களும்தான் உண்டு என்றாலும், விண்ணப்பப் படிவத்தில் அந்த இரண்டு பெயர்களுக்கும் உள்ள தூரம் எங்கள் பகுதியில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் நான்காம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அம்மாவுக்கு வீட்டு வேலை. பையன் பெரும்பாலும் ஆயாவின் வளர்ப்பு. (எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி.) அவன் வகுப்பில் பேசமாட்டான். கேட்டால் தலையசைப்பான், மிகவும் வற்புறுத்தினால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். 2022 ஆம் ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கிறோம் அல்லவா, அவன் அரும்பிலேயே நின்றான். முந்தைய ஆண்டுகளில் அவனுக்குப் பாடம் எடுத்தவர்கள் திரள் பதிவேட்டில் 'பேசுவதில் ஆர்வமில்லை', 'மந்தம்' என்று எழுதியிருந்தார்கள். முதல் பருவத்தின் முடிவில் நானும் அதற்குக் கீழே 'முன்னேற்றம் குறைவு, மொழித்திறன் போதாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மொழித்திறன் போதாது என்று எழுதியதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. படம் பார்த்துக் கதை சொல்லும் பயிற்சியில் அவன் நான்கு சொற்களைத் தாண்டவில்லை. அவற்றிலும் இரண்டை நான் திருத்தினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவன் குரல் ஒரு படி இறங்கியதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டு ஒரு பயிற்சி வகுப்பில் கருத்தாளராக வந்த மூத்த ஆசிரியை ஒருவர், அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1960களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் செய்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். கறுப்பினக் குழந்தைகளிடம் மொழியே வளரவில்லை, அவர்கள் வீடுகளில் மொழி வறுமை நிலவுகிறது என்று அக்காலக் கல்வி உளவியலாளர்களில் பலர் சொல்லி வந்தார்கள். அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டிய நேர்காணல்களில் குழந்தை ஒரு பக்கம், பெரியவர் ஒரு பக்கம், நடுவில் மேசைமேல் ஏதோ ஒரு பொம்மை இருக்கும். குழந்தை ஓரிரு சொற்களோடு நிறுத்திக்கொள்ளும். லபோவின் குழு எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் பேசிப் பார்த்தபோதும் முதலில் அதேதான் நடந்தது. அதே ஹார்லெமைச் சேர்ந்த கறுப்பினத்தவரே கேள்வி கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை அவர் ஒரு பை நிறைய உருளைக்கிழங்கு வறுவலையும் சிறுவனின் நெருங்கிய நண்பனையும் அழைத்துக்கொண்டு போனார், தரையில் உட்கார்ந்தார், பெரியவர்கள் முன்னால் சொல்லக்கூடாத சொற்களைத் தாமே முதலில் சொன்னார். அதன் பிறகு இரண்டு சிறுவர்களும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள். குறை குழந்தையின் நாக்கில் இல்லை, அவனைச் சோதித்த முறையில் இருந்தது என்று லபோவ் 1969 ஆம் ஆண்டு எழுதினார்.

அன்று மாலை மின்சார ரயிலில் திரும்பும்போது என் கண்முன் நின்றது அந்தத் திரள் பதிவேடுதான்.

அடுத்த வாரம் மதிய உணவுக்குப் பிறகு அவனையும், எப்போதும் அவனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொருவனையும் வராந்தாவில் உட்கார வைத்து, ஒரு பொட்டலம் வேர்க்கடலையை நடுவில் வைத்தேன். நாற்காலியை உள்ளே விட்டுவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். பிறகு, அதுவரையிலான என் பணியில் ஒருநாளும் பள்ளி வளாகத்துக்குள் செய்யாத ஒன்றைச் செய்தேன். "இன்னாடா, ஏலத்துல உங்க ஆயா கொரலுதான் ஒசத்தியா கீதாமே?" என்று கேட்டேன். சொல்லி முடித்தபோது என் கை லேசாக நடுங்கியது.

இருவரும் என்னையே பார்த்தார்கள். பிறகு அவன் கேட்டான்: "மிஸ்ஸு, நீங்க எந்த ஏரியா?"

அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வியாசர்பாடி என்றேன். மாணவர்கள் முன்னால் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன்.

அதன் பிறகு அரை மணி நேரம் அவன் பேசினான். விடியற்காலை ஆயாவோடு காசிமேட்டு ஏலத்துக்குப் போவதைப் பற்றியும், ஐஸ் போட்ட மீனையும் போடாத மீனையும் கண்ணைப் பார்த்தே பிரித்துச் சொல்வதைப் பற்றியும், மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பதைப் பற்றியும் சொன்னான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்குமான அந்த அறுபத்தொரு நாட்களில் வீட்டில் எந்தெந்தப் பொருள் எந்த வரிசையில் அடகுக் கடைக்குப் போகும் என்பதையும் சொன்னான். "ஒரு கூட சங்கரா ஆயிரத்தி எரநூறுக்கு எட்த்துச்சு மிஸ்ஸு. ஐஸு நூறு, ஆட்டோ நூத்தம்பது. வித்தது ஆயிரத்தி தொள்ளாயிரம். அப்போ நானூத்தி அம்பது நிக்கிது, ஆனா ஆயா அதுல வட்டி குட்த்துட்டு வந்துச்சு" என்றான். காரணம், நிபந்தனை, கால வரிசை, 'ஆனால்' என்று எதிர்மறுத்துச் செல்லும் வாக்கியம் எல்லாம் அதில் இருந்தன. மூன்று எண்களை மனத்தில் கூட்டி நான்காவது எண்ணிலிருந்து கழிக்கும் கணக்கும் இருந்தது. மொழித்திறன் போதாது என்று நான் கையெழுத்திட்டது இந்தக் குழந்தையைப் பற்றித்தான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் நடந்த ஒரு வழக்கைப் பற்றி அதன் பிறகு தேடிப் படித்தேன். குறைந்த வருவாய்க் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்த கறுப்பினத் தாய்மார்கள், மார்ட்டின் லூதர் கிங் பெயரைத் தாங்கிய தொடக்கப் பள்ளியில் தங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்றும், சிலர்மேல் கற்றல் குறைபாடு உடையவர்கள் என்ற முத்திரை குத்தப்பட்டுவிட்டது என்றும் 1977 ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தார்கள். வறுமையையும் பண்பாட்டையும் காரணம் காட்டிய கோரிக்கைகளை நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர் தள்ளிவிட்டார். 1974 ஆம் ஆண்டின் சமக் கல்வி வாய்ப்புச் சட்டம் மொழித் தடையைப் பற்றிப் பேசுவதால் மொழி குறித்த கோரிக்கையை மட்டும் விசாரித்தார். 1979 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பதினொரு குழந்தைகளின் வீட்டுப் பேச்சு தன்னளவில் தடையன்று, அந்தப் பேச்சைப் பற்றி ஆசிரியர்கள் தம்மை அறியாமலேயே கொண்டிருக்கும் மனப்பான்மைதான் குழந்தையைப் படிப்பிலிருந்து விலக்குகிறது என்று அவர் கண்டார். வாசிக்கக் கற்றுக்கொடுக்கும்போது அந்தப் பேச்சைக் கணக்கில் எடுத்துக்கொள்ள ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் திட்டத்தை முப்பது நாட்களுக்குள் தர வேண்டும் என்று கல்வி நிர்வாகத்துக்கு ஆணையிட்டார்.

கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் சேர்த்தாக வேண்டும் என்ற, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பிரவுன் வழக்குத் தீர்ப்பு 1954 ஆம் ஆண்டு வந்தது. உள்ளே சேர்ந்த குழந்தையின் வாய்மொழிக்கும் அங்கே இடம் உண்டு என்று ஒரு நீதிமன்றம் சொல்ல மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. நம்மிடம் 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பு பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. பேச்சைக் கேட்டு முகம் சுளிப்பதைத் துன்புறுத்தல் என்று எங்களில் ஒருவரும் எண்ணியதில்லை. சமச்சீர்க் கல்வி வந்து ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே பாடநூல் கைக்கு வந்தது பெரிய மாற்றம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாடநூலைக் குழந்தை வாய்விட்டுப் படிக்கும்போது கேட்கும் காது ஆசிரியருடையது. அந்தக் காதை எந்தச் சட்டமும் சமச்சீராக்கவில்லை.

ஆன் ஆர்பர் வழக்கில் வாசிப்புத்தான் மையம் என்பதால் அதை எங்கள் வகுப்பறையில் வைத்துச் சொல்கிறேன். பாடநூலில் 'வீடு' என்று இருக்கிறது. குழந்தை அதைப் பார்த்து 'வூடு' என்று படிக்கிறது. எழுத்தைக் கூட்டி, சொல்லை அறிந்து, பொருளைப் பிடித்து, தன் வாயில் அந்தப் பொருளுக்கு உள்ள சொல்லாக அதைச் சொல்லியிருக்கிறது என்றால் அது முழுமையான வாசிப்பு. 'வீடு' என்று மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் பொருள் தெரியாமல் விழிக்கும் குழந்தையைவிட அது ஒரு படி மேலே இருக்கிறது. நாமோ முதலாவதைப் பிழை என்று நிறுத்திவிட்டு இரண்டாவதற்கு மதிப்பெண் கொடுக்கிறோம். படிக்கும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தப்படும் குழந்தைக்குக் கதை எங்கே போகிறது என்பதே மறந்துவிடும். நாளடைவில் அது படிப்பதையே நிறுத்திவிடும்.

எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு என்பது எல்லாத் தமிழ்க் குழந்தைகளுக்கும் பொது. 'வந்துகொண்டு' என்பது மதுரையில் 'வந்துக்கிட்டு' ஆகிறது, அக்ரகாரத்தில் 'வந்துண்டு' ஆகிறது, எங்கள் தெருவில் 'வந்துகினு' ஆகிறது. மூன்றும் 'கொண்டு' என்ற ஒரே துணைவினையின் தேய்வுகள்தான். ஏட்டிலிருந்து மூன்றும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் நிற்கின்றன. முதலாவதை மண்வாசனை என்கிறோம். இரண்டாவது மேடையிலும் ஒலிக்கிறது. மூன்றாவதற்கு மட்டும் கொச்சை என்ற பெயரும், சினிமாவில் அடியாளின் வாயும் கிடைத்தன. எங்கள் சொற்களில் எத்தனை மொழிகள் கலந்திருக்கின்றன என்பதும் எங்கள் குற்றமாகவே சொல்லப்படுகிறது. துறைமுகத்திலும் மில்லிலும் ரயில் பணிமனையிலும் தெலுங்கர்களோடும் உருது பேசும் முஸ்லிம்களோடும் தோளோடு தோள் நின்று உழைத்த மக்களின் பேச்சில் நைனாவும் டப்பும் நாஷ்டாவும் பேஜாரும் வராமல் வேறு என்ன வரும்? வசவாக மட்டுமே அறியப்படும் 'கஸ்மாலம்' என்ற சொல் கூட, பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்தக் கலக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கண்ணன் அருச்சுனனைக் கேட்கும் இடத்தில் இருக்கும் சொல்தான். 'குந்து' என்பதும் 'அப்பால' என்பதன் மூலமான 'அப்பால்' என்பதும் அகராதியில் உள்ள தமிழ்ச் சொற்கள்.

இந்த வேறுபாட்டை மொழியியல் கொண்டு விளக்க முடியாது. யார் பேசுகிறார்கள் என்பதிலிருந்துதான் ஒரு பேச்சுக்கு மதிப்பு வருகிறது. அமெரிக்காவில் அது நிறம், இங்கே சாதியும் அதோடு பிணைந்த இருப்பிடமும். இந்த ஒப்பீட்டைப் புதிதாக நான் கண்டுபிடிக்கவில்லை. 1946 ஆம் ஆண்டிலேயே அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்த இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டியிருக்கிறார். இரண்டும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை. அங்கே தோல் நிறம் முதல் பார்வையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஒரு குழந்தை வாய் திறந்த பிறகுதான் தெரியும். அதனால்தான் எங்கள் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் இப்போது செய்வது மிக எளிமையானது. கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் வீட்டுத் தமிழ் என்றும் மறுபக்கம் ஏட்டுத் தமிழ் என்றும் எழுதுகிறேன். 'கீது' என்றால் மறுபக்கம் 'இருக்கிறது'. 'இஸ்துகினு' என்றால் 'இழுத்துக்கொண்டு'. குழந்தைகள் சொற்களைக் கொண்டு வருகிறார்கள். இணையை அவர்களே தேடுகிறார்கள். வாய்விட்டுப் படிக்கும்போது நிறுத்துவதில்லை. படித்து முடித்த பிறகு பொருளைக் கேட்கிறேன். எழுதும்போது மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். ழகரத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்கி நாக்கை மடித்துப் பழக வைக்கிறேன், 'பளம்' எழுதுகிறவனையும் 'பயம்' எழுதுகிறவனையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து. ஒரு நாள் 'இன்னாசெய் தாரை ஒறுத்தல்' என்று தொடங்கும் குறளைப் பலகையில் எழுதியபோது வகுப்பே, "மிஸ்ஸு, வள்ளுவரும் 'இன்னா'ன்னு சொல்றாரு" என்று ஆரவாரித்தது. அது வேறு 'இன்னா', துன்பம் தருபவை என்று பொருள் என்று விளக்க ஒரு பாடவேளை ஆயிற்று. அந்தக் குறள் இன்று வரை எந்தக் குழந்தைக்கும் மறக்கவில்லை.

எதிர்ப்பு வந்தது. அது சக ஆசிரியர்களிடமிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன். வந்ததோ அந்தச் சிறுவனின் தாயிடமிருந்து. மாலையில் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். "கோச்சிக்காதீங்க மிஸ்ஸு. இந்தப் பேச்சாலதான் பேங்க்லயும் ஆஸ்பத்திரிலயும் என்னிய ஒரு மனுஷியா மதிக்க மாட்றாங்க. இவனாவது நல்லா பேசட்டும்னுதான் இஸ்கூலுக்கே அனுப்புறேன். நீங்களும் அவங்கூட இப்டியே பேசுனா அவன் வேற எங்க போய்க் கத்துப்பான்?" என்றார்.

கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரக் கல்வி வாரியம் 1996 டிசம்பரில் கறுப்பினக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சை அங்கீகரித்துத் தீர்மானம் போட்டபோதும் கடுமையாக எதிர்த்தவர்களில் கறுப்பினத் தலைவர்கள் இருந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு அரைகுறையான எதையோ கொடுத்து ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்ற அச்சம் அது. காலம் காலமாக ஏமாற்றப்பட்டவர்களுக்கு அந்த அச்சம் நியாயமானது. எனவே அந்த அம்மாவிடம் நான் லபோவைப் பற்றிப் பேசவில்லை. "அக்கா, நானும் அப்படிப் பேசித்தான் வளர்ந்தேன்" என்று தொடங்கி, அவனுடைய நோட்டை எடுத்துக் காட்டினேன். ஏட்டுப் பக்கத்தில் அவன் எழுதியிருந்தவற்றை அவர் விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "இந்தப் பக்கம்தான பரிச்சைக்கு வரும்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ இந்தப் பக்கத்த ரொப்புங்க மிஸ்ஸு, அந்தப் பக்கத்த நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இணங்கிச் சொன்னாரா, என்னை எச்சரித்துச் சொன்னாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. வாரம் ஒரு முறையாவது அந்தச் சொற்களை நினைத்துக்கொள்கிறேன்.

ஆண்டு முடிவில் அவன் மொட்டு நிலைக்கு வந்திருந்தான். மலருக்கு வரவில்லை. நான்கு ஆண்டு மௌனத்தை ஐந்து மாதத்தில் ஈடுகட்ட முடியாது. வாசிப்பில் இன்னமும் திணறினான். கூட்டெழுத்துகள் வந்தால் நின்றான். ஆனால் நின்ற இடத்தில் கையைத் தூக்கினான்.

திரள் பதிவேட்டில் ஒருமுறை எழுதியதை அழிக்கக்கூடாது. அதனால் முதல் பருவத்தில் நான் எழுதிய வரியை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே புதிய தேதியிட்டு எழுதினேன்: 'மேலே உள்ள என் பதிவு தவறானது. மாணவன் தன் வீட்டு மொழியில் தெளிவாகவும் விரிவாகவும் காரணகாரியத்தோடும் பேசுகிறான். மனக்கணக்கில் வகுப்பில் முதலிடம். ஏட்டுத் தமிழ் வாசிப்பில் உதவி தேவை. இவனை வாசிப்பின் நடுவில் நிறுத்தாமல் கேட்குமாறு ஐந்தாம் வகுப்பு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.' தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு, தன் தவறை இப்படிப் பதிவேட்டில் யாரும் எழுதமாட்டார்களே என்றார். பிறகு பேனாவை வாங்கி மேலொப்பமிட்டார்.